பத்து நொடிக்குப் பதினொன்று

தங்கமாரிக்குத் துரோகம் சாம்பார் சாத வரிசையில் நிற்கும்போது வந்து சேர்ந்தது. நாள் நட்சத்திரம் பார்த்து வருகிற சாமானா அது?

வல்லம் வடகால் தொழில் எஸ்டேட்டில், காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்று. அதன் கேன்டீன் வாசலில் ஒரு பலகை தொங்கும். மாதத்துக்கு ஒரு கைசென் அதில் ஏறும். கைசென் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வேலையைச் சுலபமாக்கத் தொழிலாளியே சொல்லும் யோசனைக்கு ஜப்பான்காரன் வைத்த பெயர். நல்ல யோசனை சொன்னவருக்கு ஒரு கைதட்டல், ஒரு போட்டோ, ஒரு ஹாட்பாக்ஸ். இந்த மாதப் பலகையில் வேல்விழி ஹாட்பாக்ஸும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் தங்கமாரிக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வேல்விழி அவளுடைய அறைத்தோழி, சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரி. ஒரகடத்தில் நாலு வருஷமாக ஒரே அறை, ஒரே குக்கர், தலைவலி வந்தால் ஒரே தைலம். வேல்விழி பெர்மனென்ட் ஆகி லைன் லீடராகவும் ஆகிவிட்டாள். தங்கமாரி வருஷா வருஷம் கான்ட்ராக்டைப் புதுப்பித்துக்கொண்டு அதே லைனில் நிற்கிறாள். லைன் பெண்களுக்காகத் தங்கமாரி எழுதிய நோட்டை மூன்று வாரத்துக்கு முன்னால் மேலே கொண்டுபோனவள் வேல்விழிதான். அக்கா சாதித்துவிட்டாள் என்று நினைத்தபடி, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் பலகையை வாசிக்கத் தொடங்கினாள்.

இடது பக்கம் 'முன்' என்று போட்டிருந்தது. ஷிஃப்ட் முடிவில் ஆபரேட்டர்களின் கை பிடித்துக்கொள்வதால் கனெக்டர் சரியாக அமராமல் ரிஜெக்‌ஷன் ஆகிறது. சரிதான், உண்மைதான். வலது பக்கம் 'பின்'. பத்து நொடி கைச் சோதனை மூலம் பலவீனமான கைகளை முன்கூட்டியே கண்டறிந்து லைனிலிருந்து நீக்குதல். அதற்கும் கீழே நோட்டின் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருந்தார்கள். தங்கமாரியின் கையெழுத்து. பெயர், டோக்கன் நம்பர், ஷிஃப்டுக்கு முன் எத்தனை, பின் எத்தனை, அவரவர் ஒப்பம். இருபத்தாறு பெயரில் ஒன்பதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. அந்த ஒன்பது பேருக்கும் கான்ட்ராக்ட் இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

முதல் வரி அவளுடையது. தங்கமாரி, முன் 24, பின் 11 என்று எழுதியிருந்தாள். லைனிலேயே மோசமான கை அவளுடைய கைதான். பலகையில் அந்தப் பதினொன்று இருபத்தொன்றாகியிருந்தது. ஒரே ஒரு கோட்டை வளைத்தால் போதுமே. வட்டம் அவள் பெயரை விட்டுவிட்டு இரண்டாவது வரியில் அமலாவிடமிருந்து ஆரம்பித்தது.

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவள் முதுகில் தட்டினாள். சாதம் வாங்கி, உட்கார்ந்து, ஒரு வாய் வைத்தாள். மீதியை அப்படியே தொட்டியில் கொட்டினாள்.

இந்தக் கதை ஆடி மாதம் அமலாவின் கையில் தொடங்கியது. அமலா வல்லத்துக்காரி, முப்பத்தெட்டு வயது. கம்பெனியின் ஸ்டோர் நிற்கிற இடத்தில்தான் அவள் மாமனார் நாற்று விட்டார். அதைப்பற்றி அவளாக ஒருநாளும் பேசியதில்லை. லைனில் எல்லோருக்கும் ஒரே வேலை. ஒயரின் நுனியைப் பிளாஸ்டிக் கனெக்டருக்குள் செருகி, 'டிக்' என்று சத்தம் வரும்வரை கட்டை விரலால் அழுத்த வேண்டும். ஒரு செட்டுக்குப் பதினாறு அழுத்து. ஷிஃப்டுக்கு நானூற்றைம்பது செட். கணக்கு வாத்தியார் வேண்டாம், நாலு நொடிக்கு ஒரு அழுத்து என்று கட்டை விரலே சொல்லும்.

அன்றைக்கு ஒன்றரை மணிக்கு அமலாவின் வலது கை கனெக்டரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது. இடது கையால் விரலைப் பிரிக்கப் பார்க்கிறாள், வரவில்லை. சூப்பர்வைசர் வந்து, "இன்னாம்மா, வூட்டுக்குப் போறதுக்கு நேரம் பாத்துக்கினு கீறியா?" என்று கேட்டார். அமலா சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் தங்கமாரியால் தாங்க முடியவில்லை. அவளே இரண்டு மாதமாகத் தன் கையை ஏப்ரனுக்குள் ஒளித்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவள்.

தங்கமாரி பி.எஸ்ஸி விலங்கியல். அந்தப் படிப்புக்கும் ஒயர் செருகும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இந்தக் கம்பெனி ரோட்டில் பாதிப் பேருக்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் அன்று சாயங்காலம் அறைக்கு வந்ததும் ஒரு சம்பந்தம் கிடைத்தது. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, வேல்விழிக்குப் படம் வரைந்து காட்டினாள்.

"நம்ம சதைக்குள்ள ரெண்டு வகை நூல் இருக்குக்கா. மெலிசா இருக்கது ஆக்டின். தடியா இருக்கது மயோசின். இந்தத் தடி நூல்ல நூத்துக்கணக்குல குட்டிக் குட்டிக் கை மொளச்சிருக்கும்."

"கையாட்டி?"

"கை மாதிரிதான். கிணத்துல தண்ணி எறைப்போம்லா, கயித்தப் பிடிச்சு இழுக்கோம், விடுதோம், தள்ளிப் பிடிச்சு மறுபடி இழுக்கோம். அதேதான். மயோசின் கை ஆக்டினைப் பிடிச்சு இழுக்கும், விடும், தள்ளிப் பிடிக்கும். இழுக்க இழுக்க நூலு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கிடும். நூலு குட்டையாவாது, சதைதான் குட்டையாவும். அதான் விரல் மடங்குது."

வேல்விழி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சரி, பிடின்னு யாரு சொல்லுதா?"

"நரம்பு சொல்லும். சொன்னதும் சதைக்குள்ள பை மாதிரி இருக்கதுல இருந்து கால்சியம் வெளிய வரும். அதுவரைக்கும் ஆக்டின் மேல ஒரு நாடா கிடந்து, பிடிக்க வேண்டிய எடத்த மறைச்சிக்கிட்டு இருக்கும். கால்சியம் வந்து ஒட்டுனதும் நாடா நவுந்துக்கிடும். கை பிடிச்சிரும்."

"விடுததுக்கு?"

"அதுலதான் வெசயமே இருக்கு. ஏடிபின்னு ஒண்ணு, சதைக்குப் பெட்ரோல் மாதிரி. அது வந்து மயோசின் கையில உக்காந்தாத்தான் அது பிடியையே விடும். வெளிய வந்த கால்சியத்தை மறுபடி பைக்குள்ள எறைச்சு ஊத்துததுக்கும் அதுதான் வேணும். எல்லாரும் பிடிக்கதுக்குத்தான் தெம்பு வேணும்னு நெனைக்கோம். விடுததுக்கும் தெம்பு வேணும்க்கா. ஓயாம அமுக்கிக்கிட்டே இருந்தா அந்த எறைக்கிற பம்பு தளந்துபோவும். கால்சியம் உள்ள போவாம அங்கயே நிக்கும். கை விடாது. அமலாக்கா நடிக்கலை."

வேல்விழி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தப் பெட்ரோல் சுத்தமாத் தீந்துபோனா?" என்று கேட்டாள்.

"உசுரோட இருக்கவரைக்கும் சுத்தமாத் தீராது. செத்த பொறவுதான் தீரும். அதான் பொணம் வெறைக்குது. பிடிச்ச கை பிடிச்சபடி நின்னுரும், விடச் சொல்ல ஆளில்ல."

வேல்விழி காலண்டர் தாளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் அய்யா இறந்தபோது வலது கை இறுக மூடிக்கொண்டதாம். மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. ஏதோ ஆசை அடங்காமல் கையை மூடிக்கொண்டு போகிறார், மூத்த மகள் கல்யாணத்தைப் பார்க்காத ஆசைதான் என்று ஊரே பேசியது. அந்த மூத்த மகள் வேல்விழி. ஆறு வருஷமாக அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு திரிந்தவள்.

"அப்போ அது ஆசை இல்லையாட்டி?"

"இல்லக்கா. ஏடிபி இல்ல. அவ்வளவுதான்."

வேல்விழி அழுதாள். தங்கமாரியின் மடியில் தலை வைத்துக்கொண்டு அழுதாள். அப்படி அழுதவளை எப்படி நம்பாமல் இருப்பது? கூடப் பிறந்தவளைக்கூட ஒரு கண்ணால் பார்த்து வைக்கலாம். மடியில் அழுதவளைச் சந்தேகப்படத் தங்கமாரிக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

திட்டம் அன்றைக்கே உருவானது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை இடம் மாற்றினால் போதும். அழுத்துகிறவள் டேப் சுற்றப் போகட்டும், டேப் சுற்றுகிறவள் அழுத்த வரட்டும். அந்த இடைவெளியில் தளர்ந்த சதை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் சும்மா கேட்டால் கொடுப்பார்களா? கம்பெனிக்கு நம்பர் வேண்டும். அதனால் தங்கமாரி ஒரு சோதனை வைத்தாள். பத்து நொடியில் எத்தனை தடவை கையை நன்றாக மூடி நன்றாக விரிக்க முடிகிறது என்று எண்ணுவது. தளர்ந்த கை மூடிவிடும், விரிக்கத்தான் திணறும். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் ஒருமுறை, ஷிஃப்ட் விட்டு ஏறியதும் ஒருமுறை. மூன்று வாரம் அந்த பஸ்ஸுக்குள் இருபத்தாறு பெண்கள் கையை மூடி மூடி விரித்தார்கள். டிரைவர் மோகன், என்னம்மா ஏதாவது பஜனையா என்று கேட்டார். காலையில் இருபத்தைந்து, இருபத்தாறு என்று எண்ணிய பெண்களில் பலர் மத்தியானம் பதினாலிலும் பதிமூன்றிலும் நின்றார்கள்.

இங்கேதான் தங்கமாரி சறுக்கினாள். லைனில் சேர்ந்த முதல் வாரமே எல்லோருக்கும் மண்டையில் ஏற்றும் பாடம் ஒன்று உண்டு. பெயர் இல்லாத டேட்டா குப்பை. எந்தச் செக் ஷீட்டிலும் பெயர், டோக்கன் நம்பர், ஒப்பம் மூன்றும் இருந்தாக வேண்டும். நாலு வருஷம் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்தவளுக்கு வேறு மாதிரி எழுதவே தெரியாது. வெளியாள் யாராவது இருந்தால், எதற்கடி பெயர், ஒன்று இரண்டு என்று நம்பர் போடு என்று சொல்லியிருப்பார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இவள் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுச் செய்தாள்.

ஒப்பம் கேட்டபோது அமலா மட்டும் பேனாவை வாங்கிவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தாள். "கையெழுத்து இன்னாத்துக்கு தங்கம்?"

"இல்லன்னா நம்ப மாட்டாங்கக்கா. நாமளா எழுதிக்கிட்டோம்னு சொல்லிருவாங்க."

"நீ சொன்னா சரி," என்று சொல்லிப் போட்டாள். அமலா போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள்.

கேன்டீனிலிருந்து திரும்பி, மீதி ஷிஃப்டை எப்படி ஓட்டினாள் என்று தங்கமாரிக்கே தெரியாது. அறைக்கு வந்தபோது மணி நாலு. வேல்விழி முன்னாலேயே வந்து குளித்து, புது ஹாட்பாக்ஸைத் துடைத்து அடுப்பு மேடையில் வைத்திருந்தாள்.

"பாத்தியாட்டி?" என்று கேட்டாள். குரலில் பயமில்லை. களைப்புத்தான் இருந்தது.

"பாத்தேன். நான் எழுதுனது என்ன, அங்க எழுதியிருக்கது என்ன?"

"நான் ரொட்டேஷன்னுதான் கேட்டேன். ஸ்ரீதர் சார் ஒத்துக்கிடல. ஆள மாத்திக்கிட்டே இருந்தா டார்கெட் விழும்னாரு. அப்பொறம் அவுகளே மாத்தி எழுதிட்டாக."

ஸ்ரீதர் என்பவர் எச்.ஆர். மேனேஜர். தங்கமாரி அவரிடம் இரண்டு தடவை பேசியிருப்பாள், இரண்டும் லீவுக்காக.

"அக்கா, பலகையில இருக்கது உன் எழுத்து. உன் 'ண' எனக்குத் தெரியும்."

வேல்விழி கொஞ்ச நேரம் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு குரல் மாறியது. "ஆமா, நான்தான் எழுதுனேன். இந்தக் காலாண்டுல என் லைன்ல இருந்து ஒரு கைசென்கூடப் போவல. லீடர மாத்தணுமான்னு மீட்டிங்ல எல்லார் முன்னாலயும் கேக்காரு. நான் என்ன செய்ய? உன் நோட்டு கையில இருந்துச்சு. ரொட்டேஷன்னு சொன்னேன், தூக்கிப் போட்டாரு. வீக்கான கையக் கண்டுபிடிக்கலாம்னு சொன்னேன். நிமிந்து உக்காந்தாரு."

"நீயா சொன்ன?"

"நான்தான் சொன்னேன். உன் பேரு வராமப் பாத்துக்கிட்டேன்லா? அதுக்கு ஒரு வார்த்த சொல்லுதியா? பதினொண்ணுன்னு இருந்தா மொத ஆளா நீதான் போயிருப்ப."

கேன்டீனில் நின்றபோது தங்கமாரிக்கு வந்தது கோபம். இப்போது வந்தது வேறு. திருடியவள் திருடிவிட்டுப் போயிருந்தால் போகிறாள் என்று விட்டுவிடலாம். இவள் திருடிய பொருளில் ஒரு பங்கை எடுத்துத் தங்கமாரியின் மடியிலேயே கட்டிவிட்டிருக்கிறாள்.

"யாரு கேட்டா அக்கா? என் நம்பர மாத்தச் சொல்லி யாரு கேட்டா?"

"கேட்டாத்தான் செய்யணுமா? நீ என் தங்கச்சி மாதிரி."

"அமலாக்கா உன்ன நம்பி ஒப்பம் போடல, என்ன நம்பிப் போட்டாவ."

"அப்படின்னா அந்தப் பாவத்துல எனக்கு எப்படிப் பங்கு?" என்றாள் வேல்விழி. இதைச் சொல்லிவிட்டுக் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டிருந்தாள்.

தங்கமாரி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. நின்றுகொண்டு வந்தார்களே தவிர யாரும் உட்காரவில்லை. வல்லம் முனையில் ஏறிய அமலா மட்டும் நேராக அவளிடம் வந்து நின்றாள்.

"எனக்குப் பதிமூணு. சுத்தி வட்டம் போட்ருக்காங்கோ. உனக்கு அன்னைக்கே பதினொண்ணுதானே? நான் கூட எண்ணுனேனே. அது எப்டி இருபத்தொண்ணு ஆச்சு?"

"நான் மாத்தலக்கா. விழியக்கா மாத்திட்டாவ."

"ரெண்டு பேரும் ஒரே ரூம்புலதானே கீறீங்கோ?"

"ஆமாக்கா."

"ஒண்ணா சோறு துன்னுட்டு, ஒண்ணா பேசிக்கினு, உனக்குத் தெரியாமயே உன் பேரு மட்டும் தப்பிச்சிக்கிச்சா?"

எனக்குத் தெரியாதுக்கா என்று உண்மையைச் சொன்னாள். ஆனால் அந்த உண்மை அவள் காதுக்கே புளுகு மாதிரிக் கேட்டது. அமலா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இடது கையால்தான் பிடித்திருந்தாள்.

மாதத்தின் கடைசி வேலைநாளான வெள்ளிக்கிழமை அந்த ஒன்பது பேரையும் ஷிஃப்ட் முடிந்ததும் ட்ரெய்னிங் ரூமுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நோட்டில் இருப்பதை மட்டும் வைத்து அனுப்பினால் பேச்சு வரும் என்று, கம்பெனியே ஒருமுறை சோதித்து உறுதி செய்துகொள்ளப் போகிறதாம். ஏழாயிரம் அழுத்து அழுத்திவிட்டு வருகிற கையைத்தான் சோதிப்பார்கள். பதினெட்டுக்குக் கீழே இருந்தால் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது.

தங்கமாரிக்கு நாலு நாளாக ஒரே எண்ணம்தான். தன் கையும் அந்த அறையில் எல்லோர் கண் முன்னாலும் பூட்டிக்கொள்ள வேண்டும். பத்தாவது கடிதம் தனக்கு வர வேண்டும். வேலை போனால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பது அப்புறம். ஒன்பது பேரை விற்றுவிட்டு இவள் மட்டும் தப்பித்தாள் என்ற பேச்சோடு அந்த லைனில் நிற்க அவளால் முடியாது. ரோஷம் என்றால் ரோஷம்தான். ஏழைக்கு அதுவும் கூடாதா?

ட்ரெய்னிங் ரூம் கதவு திறந்தே இருந்தது. மேஜைக்குப் பின்னால் லேப்டாப்போடு ஸ்ரீதர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு வேல்விழி. அவளுடைய கைசென் ஆயிற்றே, எண்ணும் உரிமை அவளுக்குத்தான். ஒவ்வொருத்தியாகக் கையை நீட்டினார்கள். வேல்விழி சத்தமாக எண்ணினாள். ஒருத்திக்கும் ஒரு எண் கூடவோ குறையவோ சொல்லவில்லை, அதில் அவள் நேர்மைக்காரி. பதினாறு. பதினாலு. பதினைந்து. அமலாவுக்குப் பன்னிரண்டு, பலகையில் இருந்ததைவிட ஒன்று குறைவு. ஸ்ரீதர் ஒரு கவரை எடுத்து நீட்டினார். "ஐ.டி. கார்டை செக்யூரிட்டிகிட்ட குடுத்துடுங்கம்மா. டேக் கேர்." அமலா வாங்கிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றாள். மற்றவர்களும் அங்கேதான் நின்றார்கள்.

ஒன்பதாவது கவர் போனதும் தங்கமாரி உள்ளே நுழைந்தாள்.

"சார், எனக்கும் பாருங்க."

ஸ்ரீதர் திரையைப் பார்த்தார். "உங்க பேரு லிஸ்ட்ல இல்லையேம்மா?"

"தப்பா எழுதியிருக்கு சார். எனக்குப் பதினொண்ணுதான். பாருங்க."

வேல்விழி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, தங்கமாரி பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். "சரி, பத்து செகண்ட்தானே, பாத்துடுங்க வேல்விழி," என்று சொல்லிவிட்டு ஸ்ரீதர் மறுபடி லேப்டாப்புக்குப் போய்விட்டார்.

தங்கமாரி கையை நீட்டினாள். மூடினாள், விரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வேல்விழி எண்ணினாள். ஏழுக்கு மேல் சுண்டு விரல் பின்தங்கியது. ஒன்பதில் கட்டை விரல் பாதிதான் விரிந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று தங்கமாரிக்குத் தெரியும். நூலை நூல் பிடித்திருக்கிறது. கால்சியம் வெளியிலேயே நிற்கிறது, உள்ளே இறைத்து ஊற்றும் பம்பு மூச்சு வாங்குகிறது. காலையிலிருந்து அவள் ஒரு நிமிஷம்கூடக் கைக்கு ஓய்வு கொடுக்கவில்லை. பதினொன்றாவது தடவை மூடிய கை அதோடு நின்றுவிட்டது. கட்டை விரல் உள்ளே மடங்கி, மற்ற நாலும் அதன்மேல் இறுகிக்கொண்டன. வலி முழங்கை வரை ஏறியது. அந்த வலியில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது, வந்துவிட்டது கடிதம் என்று.

"பன்னெண்டு," என்றாள் வேல்விழி.

தங்கமாரி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"பதிமூணு. பதினாலு. பதினஞ்சு." வேல்விழி கையைப் பார்க்கவில்லை. வாட்சையே பார்த்து எண்ணினாள். மூடிய கை அப்படியே அந்தரத்தில் நீண்டிருந்தது. சுவரோரம் ஒன்பது பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நொடி எப்போதோ தாண்டிவிட்டது. "பத்தொம்போது. இருபது. இருபத்தொண்ணு. டைம் சார்."

"இருபத்தொண்ணு," என்று ஸ்ரீதர் தட்டிக்கொண்டார். "ஷீட்ல இருக்கறதேதான். ஓகேம்மா, நீங்க போகலாம்."

"சார், கையப் பாருங்க. மூடியே இருக்கு. அவங்க சும்மா எண்ணுதாங்க."

ஸ்ரீதர் பார்த்தார். மூடிய கையைப் பார்த்தார், பிறகு வேல்விழியைப் பார்த்தார்.

"அவளுக்கு இவங்க போறது மனசு கேக்கல சார்," என்றாள் வேல்விழி. "அதான் கைய மூடிக்கிட்டு நிக்கா. ரொம்ப எளகின மனசு. நல்லா வேலை பாக்கிற பிள்ள சார்."

"புரியுதும்மா," என்றார் ஸ்ரீதர், நிஜமாகவே கனிவாக. "ஃப்ரெண்ட்ஸ் போனா கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா டேட்டா டேட்டாதானே. உங்களுக்கு லெட்டர் குடுக்க எனக்கு ஒரு காரணமும் இல்ல."

நாலு வருஷம் கூடச் சாப்பிட்டவள் அவளை முகத்துக்கு நேராக நடிகையாக்கிவிட்டாள். கத்த வேண்டும்போல் இருந்தது. யாரிடம் கத்துவது? பொய் சொன்னவள் தனக்காகச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டவர் கருணையோடு கேட்டுக்கொண்டிருக்கிறார். தங்கமாரி மூடிய கையோடு வெளியே வந்தாள்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே சிங்கப்பெருமாள் கோவில் போகும் ஷேர் ஆட்டோவுக்காக ஒன்பது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கார்டைக் கொடுத்தவர்களுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. நடந்தே வீட்டுக்குப் போய்விடக்கூடிய அமலாவும் அவர்களை ஏற்றிவிட நின்றாள். தங்கமாரி வருவதைப் பார்த்ததும் நாலைந்து பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நடிச்சது போதும், கையத் தொற," என்றாள் ஒருத்தி.

அமலா தங்கமாரியின் கையை வாங்கினாள். கட்டை விரலின் அடிச்சதையைத் தன் விரலால் அமுக்கிப் பார்த்தாள். கல்லாக இருந்தது. எத்தனையோ நாள் அந்தக் கல்லைத் தன் கையில் தடவிப் பார்த்தவளுக்கு அது தெரியாதா?

"நெசமாத்தான் பூட்டிக்கினு கீது," என்று மற்றவர்களிடம் சொன்னாள். "இது ஆக்டிங்கு இல்ல. உட்டுடுங்கோ அவள."

தங்கமாரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அமலா அவளை ஓரமாக நிறுத்தி, உள்ளங்கைப் பக்கமிருந்து ஒவ்வொரு விரலாக நீவி நீவிப் பிரித்தாள். அவசரப்படவில்லை. சுண்டு விரலில் ஆரம்பித்துக் கட்டை விரலுக்கு வர ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கை முழுதாக விரிந்ததும் உள்ளங்கையைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"உன்ன நம்பறேன் தங்கம்," என்றாள். "கை பொய் சொல்லாது. ஆனா எங்க பேரையெல்லாம் எழுதுனதும் இந்தக் கைதானே. நான் இன்னாத்துக்குன்னு கேட்டேனே."

அமலா அந்தக் கையை மெதுவாகக் கீழே விட்டாள். ஆட்டோ வந்தது, எட்டுப் பேரும் நெருக்கி ஏறிக்கொண்டார்கள், அமலா வல்லம் பக்கம் நடந்தாள். கம்பெனி நோட்டீஸ் போர்டில் அடுத்த வாரத்து லிஸ்டை ஒட்டிவிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிஃப்டில் தங்கமாரியின் பெயர் இருந்தது.